ஆயா சொன்ன கதை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. பள்ளிக்கூடம் போன பிறகுதான் வகுப்பைப் பெருக்கி, கழிப்பறையைக் கழுவுகிற பெண்ணையும் ஆயா என்றே கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. முதல் நாள் எனக்குக் குழப்பமாக இருந்தது. இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டியா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆயா சிரித்தாள். "அவளும் யாருக்கோ பாட்டிதாண்டி" என்றாள்.

நான் சொல்ல வருவது இந்த ஆயாவைப் பற்றி. அப்பாவின் அம்மா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வாசலைத் தாண்டியதும் தறி, தறியைத் தாண்டினால் சமையல்கட்டு, நடுவில் நடை. அந்த நடையில்தான் ஆயாவின் ராட்டை. சாயம் போட்டு வந்த பட்டு நூலைப் பிரித்து, ராட்டையில் ஏற்றி, குச்சியில் சுற்றுவாள். அப்படிச் சுற்றியதுதான் தார். தாரை நாடாவுக்குள் வைத்தால்தான் தறி ஓடும். ஆயா நிறுத்தினால் சற்று நேரத்தில் அப்பாவும் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும் 'அப்பா நெய்கிறார், ஆயா சும்மா உட்கார்ந்திருக்கிறாள்' என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோர்வைச் சேலை பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடை நூலில் நெய்யப்பட்டு, ஒவ்வொரு இழையிலும் கோக்கப்படுகின்றன. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்கு இரண்டு கைதான். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைத்தும் இரண்டு மணி நேரம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கம்தான். நாடா ஒரு தாளத்தில் போய்வரும். கண் சொருகும். ஒரு இழை தவறினால் கரையில் தெரியும். அப்பாவின் கை நீளும்.

அப்போதுதான் ஆயா நடையிலிருந்து கதையைத் தொடங்குவாள்.

பாட்டி கதை சொல்லித் தூங்க வைத்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆயா கதை சொன்னது நான் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக. பகலில் கதை சொன்னால் மாமன் வழி தப்பிப் போவான் என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டு, முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, பகலிலேயே கதை சொல்வாள். மாமனுடைய வழியை அந்த முடிச்சில் கட்டிவைத்திருக்கிறாளாம். சாயங்காலம் தறியை விட்டு நான் எழுந்ததும் முடிச்சை அவிழ்ப்பாள்.

அவளுடைய கதைகளில் நான் அதிகம் கேட்டது ஐந்து தோசைக் கதை. அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

ஒரு ஊரில் ஒரு தறிக்காரன், அவன் பெண்சாதி. பிள்ளை குட்டி இல்லை. ஒருநாள் அவன் யார் வீட்டு விசேஷத்திலோ தோசை தின்றுவிட்டு வந்தான். நாக்கு அடங்கவில்லை. வீட்டிலும் சுட வேண்டும் என்றான். அவள் தினமும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்தாள். நாலு வீட்டில் களை பறித்து உளுந்து வாங்கினாள். ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். சுட்டால் சரியாக ஐந்து தோசை வந்தது. "எனக்கு மூணு, உனக்கு ரெண்டு" என்றான் அவன். "ஏன்?" என்றாள் அவள். "நான் ஆம்பள." "ஆட்டுனது நான்." பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஒரு பந்தயம்: இரண்டு பேரும் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவருக்கு இரண்டு. மற்றவருக்கு மூன்று.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தார்கள். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் தெருவில் கவனித்தார்கள். அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் சாவுதான். ஓட்டைப் பிரித்து இறங்கிப் பார்த்தால் இரண்டு பேரும் விறைத்துக் கிடக்கிறார்கள். பாவம், ஒன்றாகவே போய்விட்டார்கள் என்று தெருவில் காசு போட்டு இரண்டு பாடை கட்டினார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் நெருப்பும் வைத்தார்கள். நெருப்பு அவன் காலைத் தொட்டது. "ரெண்டே போதும்டி!" என்று கத்தினான். அடுத்த சிதையில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்கு மூணு!"

பேய் என்று எல்லோரும் ஓடினார்கள். பிறகு விஷயம் தெரிந்தது. பாடை ஏறியவர்கள் திரும்ப ஊருக்குள் வரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, ஏரிக்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொடுத்தார்கள்.

இங்கே நான் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன். "ஆயா, மூணு நாள் தோசை ஊசிப்போயிருக்காதா?"

"அதான் புதுசா சுட்டாங்க. அடுப்பாண்ட அவன் நின்னான். இலையாண்ட இவ உக்காந்தா. கால நீட்டிக்கினு, சுடச்சுட, ஒண்ணு தின்னா. அப்புறம் ரெண்டாவது தின்னா. அப்புறம் மூணாவது தின்னா. யாரும் 'ஏம்மே' னு கூப்புடல. நடுவுல எழுந்திரிக்கவே இல்ல."

இந்த இடத்தில் ஆயா ராட்டையை நிறுத்துவாள். மூன்று தோசையையும் தனித்தனியாகத்தான் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சும்மா இருப்பாள். எனக்குப் பொறுமை இருக்காது. கதைதான் முடிந்துவிட்டதே என்று தோன்றும்.

1998-இல் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. நாட்டுப்புறவியல் ஒரு தாள். ஒவ்வொருவரும் பத்துக் கதை சேகரித்து வர வேண்டும். தோழி ஒருத்தியிடம் டேப் ரெக்கார்டர் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். என் அதிர்ஷ்டம், சேகரிக்க நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆயா நடையில் இருந்தாள். டேப்பைப் பார்த்து, "இன்னாடி இது, நான் பேசறது உள்ள போயிடுமா?" என்றாள். பிறகு முந்தானையில் முடிச்சைப் போட்டுக்கொண்டு தொடங்கினாள். பின்னணியில் ராட்டை சத்தம் பதிவைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்தச் சொன்னேன். ராட்டை இல்லாமல் அவளுக்குக் கதை சரியாக வரவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொரு கதையோடும் ஒரு படிவம் இணைக்க வேண்டும். தகவலாளி விவரம். நான் நிரப்பியது இன்றும் நினைவிருக்கிறது. பால்: பெண். வயது: 72. கல்வி: இல்லை. தொழில்: இல்லை.

தோசைக் கதையை எழுதும்போது, "அப்ப எனக்கு மூணு" என்ற இடத்தோடு முடித்தேன். ஏரிக்கரைக் குடிசையை ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்து தின்றதை எடுத்துவிட்டேன். காரணமும் வைத்திருந்தேன். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் அனைத்துலக அட்டவணையில் இந்தக் கதைக்கு 1351 என்று எண் உண்டு. மௌனப் பந்தயம் என்பது அந்த வகையின் பெயர். பந்தயத்தில் யாரோ வாய் திறந்ததும் கதை முடிகிறது. அதற்குப் பிறகு வருவது கதைசொல்லியின் 'கூடுதல் சேர்க்கை' என்று அடிக்குறிப்பு போட்டேன். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த ஆண்டு மாணவர் மலரில் கதையும் வந்தது. தலைப்புக்குக் கீழே 'தொகுப்பு' என்று என் பெயர். ஆயாவின் பெயர் எங்கேயும் இல்லை. மலரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் தம்பி உரக்கப் படித்தான். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சற்று நேரம் இருந்துவிட்டு, "நல்லாக்கீது கண்ணு. ஆனா என் தோசையக் காணோமே" என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள். ஆயா ராட்டை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் 2003-இல் இறந்தாள். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தேன். வகுப்புக்காக, பழைய நூல்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஓர் இணைய நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. 'டேல்ஸ் ஆஃப் தி சன்'. தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகள். 1890-இல் லண்டனில் வெளிவந்தது. உள்ளடக்கத்தை ஓட்டிக்கொண்டே போனேன். 'பிச்சைக்காரனும் ஐந்து மஃபின்களும்' என்று ஒரு தலைப்பு. கை நின்றுவிட்டது. மஃபின் என்று ஆங்கில வாசகர்களுக்காகப் போட்டிருக்கிறார்கள், உள்ளே அடைப்புக்குறிக்குள் தோசை இருக்கிறது. புருஷன் இதில் தறிக்காரன் இல்லை, பிச்சை எடுக்கிறவன். மற்றபடி அதே கதை. சேமித்த அரிசி, மூன்று நாள், பிரித்த கூரை, இரண்டு பாடை, காலில் நெருப்பு, இரண்டு போதும், எனக்கு மூன்று. முடிவில் அவர்களை ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் குடிவைக்கிறார்கள். தோசைக்காக உயிரையே விடத் துணிந்தவர்கள் என்று ஊர்க் கிழவிகளும் பிள்ளைகளும் காலையும் மாலையும் தோசை கொண்டுவந்து தருகிறார்கள். அவள் உட்கார்ந்து தின்னும் காட்சி இல்லை. என் மலரில் இல்லாததுபோல அங்கேயும் இல்லை.

புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயர்கள். திருமதி ஹோவர்ட் கிங்ஸ்கோட், பண்டித நடேச சாஸ்திரி. நடேச சாஸ்திரி தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்தவர். 1859-இல் பிறந்து 1906-இல் இறந்தவர். தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'தீனதயாளு'வை எழுதியவர், துப்பறியும் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1884 முதல் 'ஃபோக்லோர் இன் சதர்ன் இந்தியா' என்ற பெயரில் கதைகளை ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். திராவிட பூர்வகாலக் கதைகள், மத்தியகாலக் கதைகள் என்று தமிழிலும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் மொழிக் கதைகளைத் தானே தொகுத்த ஆள்.

அந்தப் பெண் யார்? அடலைன் கிங்ஸ்கோட். ஹோவர்ட் என்பது கணவர் பெயர். சொந்தப் பெயர் அட்டையில் இல்லை. பிற்பாடு நாவல்கள் எழுதியபோதும் லூகாஸ் கிளீவ் என்ற புனைபெயரில்தான் எழுதினார். முன்னுரையில் அவர் சாஸ்திரிக்கு நன்றி சொல்கிறார். தன் வீட்டு வேலைக்காரர்கள் வாயால் கேட்ட கதைகளை எழுதத் தொடங்கியதாகவும், பிறகு சாஸ்திரியிடம் ஏற்கெனவே பெரிய சேமிப்பு இருப்பதைக் கண்டதாகவும் சொல்கிறார்.

வேலைக்காரர்கள். அவர்களுக்கு அங்கே பெயர் இல்லை. எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த வேலையின் நடுவே சொன்னார்கள், ஒன்றும் இல்லை. படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அதே நேரத்தில் என் படிவம் நினைவுக்கு வந்தது. கல்வி: இல்லை. தொழில்: இல்லை. 1890-இல் லண்டனுக்காக எழுதிய ஒரு துரைசானி செய்ததை, நூறு ஆண்டு கழித்து, சொந்த ஆயாவுக்கு, தமிழில், நான் செய்திருக்கிறேன். அந்த அம்மாளாவது நன்றி சொல்லும்போது வேலைக்காரர்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். வேலை செய்கிறவர்கள் என்ற தகவலாவது அதில் இருக்கிறது. நான் அதையும் இல்லை என்று எழுதியவள்.

அதன் பிறகு அந்தக் காலத்துத் தொகுப்புகளைத் தேடித்தேடிப் படித்தேன். எல்லாமே ஒன்றுபோல இல்லை. மேரி ஃப்ரீர் என்ற பெண் 1868-இல் 'ஓல்ட் டெக்கான் டேஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அவருடைய அப்பா பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரீர். 1865-66 குளிர்காலத்தில் அப்பாவோடு தெற்கு மராட்டியப் பகுதியில் முகாம் முகாமாகப் போனபோது, கூட இருந்த அன்னா லிபெராட்டா டி சூசாவிடம் கதை கேட்கத் தொடங்கினார். அன்னா அவர் வீட்டு ஆயா. ஆங்கிலத்தில் படித்தபோது ஒரு கணம் எனக்கு 'பாட்டி' என்றே பொருள்பட்டது. அந்த ஆங்கிலச் சொல் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது, கூலிக்கு அமர்த்திய தாதி என்று பொருள். எங்கள் வீட்டுச் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் அன்னா அந்தக் கதைகளைக் கேட்டது தன் பாட்டியிடம்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மேரி ஃப்ரீர் தான் எழுதியதை அன்னாவிடம் திரும்பப் படித்துக்காட்டிச் சரிபார்த்திருக்கிறார். இரண்டு, கதைகளுக்கு முன்னால் 'கதைசொல்லியின் கதை' என்று ஒரு பகுதி. அன்னா தன் பாட்டியைப் பற்றி, விதவையான பிறகு பிள்ளைகளைக் காப்பாற்ற வேலைக்கு வந்ததைப் பற்றித் தன் வாயால் சொல்கிறாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை அப்படியே அச்சிட்டதில் எஜமானியின் பார்வையும் தெரிகிறது. அட்டையில் அன்னாவின் பெயர் இல்லை. ஆனாலும், அந்தப் படிவத்தில் 'தொழில்' என்ற இடம் காலியாக இல்லை. அவள் என்ன செய்து பிழைத்தாள் என்று நமக்குத் தெரிகிறது.

திரும்பப் படித்துக்காட்டியிருந்தால்? என் தம்பி படித்துக்காட்டினான், அச்சான பிறகு. தோசையைக் காணோம் என்று ஆயா திருத்தமும் சொன்னாள். நான் அதை ஒரு கிழவியின் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

கதை கொடுத்த பெண்கள் இப்படித் திருத்தம் சொல்வது எங்கள் தெருவில் மட்டும் நடந்ததல்ல. ஸ்காட்லாந்தில் வால்டர் ஸ்காட் 1802-இல் நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்டபோது, அவருக்குப் பாடல் கொடுத்தவர்களில் ஒருத்தி மார்கரெட் லெய்ட்லா. ஆடு மேய்ப்பவரின் மனைவி. புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஸ்காட்டிடம் நேராகவே சொன்னாளாம், இதெல்லாம் பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல, நீர் அச்சடித்துக் கெடுத்துவிட்டீர், எழுதியதும் சரியில்லை என்று. இது நமக்குத் தெரிவது அவளுடைய மகன் ஜேம்ஸ் ஹாக் எழுத்தாளர் ஆனதால். அவர் எழுதிவைத்தார்.

அதே ஸ்காட்லாந்தில் எங்கள் தோசைக் கதைக்கு ஒரு அக்கா இருக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அச்சேறிய பாட்டு அது. பிற்பாடு ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த பெருந்தொகுப்பில் அதற்கு 275-ஆம் எண். பண்டிகைக்கு முந்தைய இரவு. மனைவி பலகாரம் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். காற்று வீசுகிறது. கதவைத் தாழிடு என்கிறான் கணவன். வேலையாக இருக்கிறேன், நீயே போடு என்கிறாள் அவள். யார் முதலில் பேசுகிறார்களோ அவர் தாழிட வேண்டும் என்று பந்தயம். திறந்த கதவு வழியாக இரண்டு வழிப்போக்கர்கள் நுழைந்து பலகாரத்தைத் தின்கிறார்கள். அவள் பேசவில்லை. கணவனின் தாடியை மழிக்கப் போகிறோம், மனைவியை முத்தமிடப் போகிறோம் என்கிறார்கள். கணவனுக்குப் பொறுக்கவில்லை, கத்திவிடுகிறான். அவள் துள்ளிக் குதித்து, நீதான் முதலில் பேசினாய், போய்க் கதவைத் தாழிடு என்கிறாள்.

அங்கே குளிர் காற்று, இங்கே ஏரிக்கரை. அங்கே பலகாரம், இங்கே தோசை. இரண்டிலும் பெண்ணின் கை வேலையில் இருக்கிறது. இன்னும் ஒரு வேலையா என்ற இடத்தில்தான் பந்தயம் தொடங்குகிறது. பிடிவாதக்காரத் தம்பதிகளைப் பற்றிய நகைச்சுவை என்று அட்டவணை சொல்லும். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆயாவுக்கு அது நகைச்சுவைதான், ஆனால் அவள் சிரித்த இடம் வேறு. அவளுக்குப் பந்தயம் கதையின் பாதி. மீதிப் பாதி, ஜெயித்தவளுக்கு ஜெயித்தது கிடைத்ததா என்பது. அச்சான புத்தகம் "எனக்கு மூன்று" என்ற சொல்லோடு திருப்திப்பட்டுவிட்டது. ஆயா அந்த மூன்றையும் அவள் வாய்க்குள் போகும்வரை விடவில்லை.

எங்கள் வீட்டில் ஆயா சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தாத்தா, அப்பா, நாங்கள், பிறகு தறிக்கு யாராவது கூலிக்கு வந்திருந்தால் அவர்கள். கடைசியில் அவளும் அம்மாவும். அதுவும் உட்கார்ந்த அடுத்த நிமிஷம், "ஏம்மே, தார் தீர்ந்துபோச்சு" என்று தறியிலிருந்து குரல் வரும். தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து வருவாள். இந்த 'ஏம்மே'தான் கதையில் வந்தது. யாரும் கூப்பிடவில்லை என்று அவள் சொன்னபோது எந்தக் குரலைச் சொன்னாள் என்பது, அந்தக் குரலைத் தினமும் கேட்டு வளர்ந்த எனக்குத் தெரியாமல் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கதை ஆயாவுக்குச் சொந்தம், சாஸ்திரியும் துரைசானியும் திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயாவும் அதை அவளுடைய அம்மாவிடம் கேட்டாள். பிச்சைக்காரனைத் தறிக்காரனாக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. சாஸ்திரி அச்சிட்டிராவிட்டால் என் ஆயா அதில் என்ன சேர்த்தாள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பிரதி கிடைத்த பிறகுதான், நான் 'கூடுதல் சேர்க்கை' என்று எழுதியது அவளுடைய உழைப்பு என்று விளங்கியது. அச்சும் தேவை. யார் சொன்னார்கள், எதைச் செய்துகொண்டே சொன்னார்கள் என்பதை அச்சில் விட்டுவிடுவதுதான் கணக்கில் வரும் பிழை.

2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். சேலையில் ஊரின் பெயர் வந்துவிட்டது. கடையின் பெயர் ஏற்கெனவே பெட்டியில் இருந்தது. சங்கத்தில் உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. தார் சுற்றியவளின் பெயர் அதில் எங்கே வரும் என்று கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண் உழைக்காதவர் பட்டியலில்தான் வருகிறாள். நான் படிவத்தில் எழுதியது நானாக யோசித்த சொல் அல்ல. எனக்கு முன்னால் பெரிய பெரிய படிவங்கள் அப்படித்தான் நிரப்பப்பட்டிருந்தன.

இப்போது என் மாணவிகளைக் கதை சேகரிக்க அனுப்பும்போது படிவத்தை மாற்றிக் கொடுக்கிறேன். 'தகவலாளி' என்ற சொல்லை எடுத்துவிட்டேன், 'சொன்னவர்' என்று இருக்கிறது. பெயர் போட அவர் சம்மதித்தாரா என்று ஒரு வரி. 'தொழில்' என்ற இடத்தில், 'சொல்லும்போது கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?' திரும்பப் படித்துக்காட்டினீர்களா, என்ன திருத்தம் சொன்னார் என்று இன்னும் இரண்டு வரிகள். போன வருஷம் வந்த படிவங்களில் ஒன்றில், 'பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், என்னையும் உரிக்கச் சொன்னார்' என்று இருந்தது. இன்னொன்றில், 'என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என்னால் குறிப்பு எடுக்க முடியவில்லை.' வேறொரு பெண், பாட்டி திருத்தம் சொன்ன இடத்தில், 'ராஜா குமாரிக்குக் கல்யாணம் ஆகவில்லை, நீயாக எழுதியிருக்கிறாய் என்று திட்டினார்' என்று எழுதியிருந்தாள். வகுப்பில் அதைப் படித்துச் சிரித்தோம். இந்த முறை அந்தப் பாட்டியோடு சேர்ந்துதான் சிரித்தோம்.

1998-இல் பதிவு செய்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நண்பர் அதை டிஜிட்டலாக மாற்றிக்கொடுத்தார். ராட்டை சத்தம் இல்லை. நான் நிறுத்தச் சொன்னது கேட்கிறது. "செத்த நிறுத்து ஆயா, கரகரன்னு விழுது." அதற்குப் பிறகு, கதை முழுக்க, சேலையில் கை தேய்க்கிற மெல்லிய சத்தம். கடைசியில் அவள் மூன்று தோசையையும் சொல்கிறாள். நான் வெட்டிய பகுதி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்துகிறாள். மூன்றாவது தோசைக்கு முன்னால் என் குரல்: "சரி ஆயா, அடுத்த கதை."

அவள் கேட்காததுபோல இருந்துவிட்டு, மூன்றாவதையும் சொல்லி முடிக்கிறாள்.

அந்த மாணவர் மலர்ப் பக்கத்தின் நகலில், என் பெயருக்கு மேலே, 'சொன்னவர்: என் ஆயா' என்று பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற இடத்தில் எழுதியது: அறுபது வருஷமாகத் தார் சுற்றிக்கொண்டிருந்தன. சொல்லும்போது மட்டும் நான் நிறுத்தச் சொன்னேன்.